இருதட்டு நாட்டில் மணல்வாரி

ஏழு கடலுக்கு அப்பால் என்று தொடங்கினால் நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வீர்கள். அவ்வளவு தூரமெல்லாம் போக வேண்டாம். ஒரு கடலுக்கு இந்தப் பக்கமே இருதட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் கொடியில் ஒரு தராசு உண்டு. எதை வைத்தாலும் அதன் இரண்டு தட்டும் சமமாகவே நிற்கும், ஏனென்றால் அது துணியில் வரைந்த தராசு.

எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தாங்கள்தான் என்பது அந்த நாட்டாரின் பெருமை. அதற்காகச் சமநிலைச் சட்டம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். பேரவையில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் இன்னொருவர் அதை மறுத்தே ஆக வேண்டும். வாதம் முடியும்வரை அந்தக் காரியத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. மறுக்க ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்தானே? அதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் அதிகாரியை வைத்திருந்தார்கள். பதவியின் பெயர் அரசு மறுப்பாளர். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் பூவலிங்கம்.

பூவலிங்கம் கெட்டவர் அல்ல. நாக்கு மட்டும் நல்ல கூர்மை. ஒருமுறை கொத்தனார்கள் வந்து, மேற்குப் பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள். பூவலிங்கம் எழுந்து, “விரிசல் என்பது பாலம் மூச்சு விடும் வழி. மூச்சை அடைக்கச் சொல்கிறார்களே, இது தகுமா?” என்றார். வாதம் நாற்பது நாள் நடந்தது. நாற்பத்தோராம் நாள் பாலம் விழுந்தது. உடனே பாலம் விழுந்ததா என்று ஒரு வாதம் வைத்தார்கள். பாலம் விழவில்லை, ஆறுதான் எழுந்துவிட்டது என்று பேசி அதிலும் பூவலிங்கமே வென்றார். இன்றைக்கும் அந்த இடத்துக்குப் பாலத்தடி என்றுதான் பெயர். மக்கள் அங்கே நீந்திப் போகிறார்கள்.

தான் பேசுவதில் ஒரு சொல்லைக்கூட அவர் நம்பியதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அன்றைய வாதத்தையும் சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். பிறகு கைகால் கழுவிக்கொண்டு, மனைவி சொர்ணவல்லியோடு உட்கார்ந்து சாப்பிடுவார். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவள் இப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதம்.

அந்தச் சமயத்தில்தான் துறைமுகம் வழியாகத் தட்டம்மை வந்து இறங்கியது. அந்த நாட்டார் அதை மணல்வாரி என்பார்கள், மணலை வாரி இறைத்ததுபோல் உடம்பெல்லாம் சிவந்து போவதால். நாட்டின் தலைமை வைத்தியர் அறம்வளர்த்தாள் மலைக்கு அப்பாலிருந்து பெட்டி பெட்டியாகத் தடுப்பூசி மருந்தும், அது கெடாமல் இருக்கப் பாளம் பாளமாகப் பனிக்கட்டியும் வரவழைத்து, பேரவைக்கு வந்தார்.

“இது புள்ளைங்களுக்கு மட்டும் வர்ற நோய் இல்லைங்க. சின்ன வயசுல வராதவங்க, ஊசி போடாதவங்க யாருக்கும் வரும். பெரியவங்களுக்கு வந்தா இன்னும் மோசமாப் போகும். நுரையீரல்ல சளி கட்டும், மூளைக்கு ஏறும், கண்ணு காது போகும். புள்ளத்தாச்சிக்கு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. நாளைக்கே ஊசி போட ஆரம்பிச்சாகணும்” என்றார்.

அதிபர் சமதர்மசீலர் கண்களை மூடித் திறந்தார். “வைத்தியரின் பதற்றத்தை நாம் மதிக்கிறோம். பதற்றமின்மையையும் அதே அளவு மதிக்கிறோம். மறுப்பாளர் பேசலாம்.”

பூவலிங்கம் எழுந்தார். “என் பாட்டனாருக்கு ஏழு வயதில் மணல்வாரி வந்தது. வேப்பிலை சுற்றினார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தொண்ணூற்றிரண்டு வயது வாழ்ந்தார். ஊசி குத்தினால் வலிக்கும் என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். குத்தாவிட்டால் வலிக்கும் என்பதற்குச் சாட்சி எங்கே?”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அப்படி ஒரு பாட்டனாரே கிடையாது. நிஜப் பாட்டனாரோடு பிறந்த இருவர் மணல்வாரியில்தான் போனார்கள். செத்தவர்கள் பேரவைக்கு வந்து மறுத்துப் பேசுவதில்லை, அது ஒரு வசதி. மறுநாளே தெருவெல்லாம் ஆளாளுக்கு ஒரு பாட்டனாரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வாதம் முடியும்வரை மருந்துப் பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைக்க அதிபர் ஆணையிட்டார். பனிக்கட்டி? அவைச் செயலர் கோமதிநாயகம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “பனிக்கட்டியை மருந்துக்கு மட்டும் கொடுத்தால் வைத்தியர் பக்கம் சாய்ந்ததாகும். பாதி மருந்துக்கு, பாதி அவையின் தொண்டைக்கு.” கோடைக்காலம். பேசுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் பனிக்கட்டி போட்ட நன்னாரி சர்பத் வந்தது.

மறுநாள் காலையில் அறம்வளர்த்தாள் சொர்ணவல்லியைப் பார்க்கப் பூவலிங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார். நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“தாயி, சின்ன வயசுல உனக்கு மணல்வாரி வந்திருக்கா?”

“இல்லைங்கம்மா.”

வைத்தியரின் முகம் மாறியது. பூவலிங்கம் அதைப் பார்த்துவிட்டார். மெதுவாகக் கிட்டே வந்து, “இவளுக்கு மட்டும் யாருக்கும் தெரியாம ஒரு ஊசி...” என்று இழுத்தார்.

“வயித்துல புள்ளை இருக்கிறவளுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது. அதனாலதான்யா அவையில தொண்டை கிழியக் கத்துறேன். சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கிட்டாதான் இவளுக்கு வேலி. முதல் வேலி நீ. சட்டைக் கையை மடக்கு, முத்திரை வைக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், பனிக்கட்டி இல்லாம இன்னிக்குப் பொழுதுக்கு மேல தாங்காது.”

பூவலிங்கம் கையை மடக்கவில்லை. மறுப்பாளரே ஊசி போட்டுக்கொண்டார் என்று தெரிந்தால் பதவி போகும். குடியிருக்கும் வீடு பதவியோடு வந்த வீடு.

“இந்த வாரத்துல வாதம் முடிஞ்சிரும்மா. முடிஞ்ச அன்னிக்கே முதல் ஆளா வந்து போட்டுக்கிறேன்.”

“உன் வாதம் முடியிற வரைக்கும் அது வாசல்ல நின்னு காத்துக்கிட்டிருக்குமா?”

“போட்டுக்கோங்களேன்” என்றாள் சொர்ணவல்லி. “வேலை போனா போகுது. ரெண்டு பேரும் இட்லிக் கடை வைப்போம். நீங்க வாயாலயே மாவாட்டிருவீங்க.”

“நாளைக்கு” என்றார் பூவலிங்கம்.

அந்த ‘நாளைக்கு’ என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வைத்தியர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். சொர்ணவல்லி மேலே விட்டத்தைக் காட்டி, “தொட்டில் கட்ட ஒரு கொக்கி மாட்டச் சொல்லி ரெண்டு மாசமாச்சு. அதுவும் நாளைக்குத்தானா?” என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து பூவலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடந்தால் யாராவது இருமும் சத்தம் கேட்டுத் திரும்பினார். இந்த வாதத்தில் எப்படியாவது தோற்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். தோற்றால் வாதம் முடியும், முத்திரை உடையும், ஊருக்கு ஊசி கிடைக்கும், வீட்டுக்கு வேலி கிடைக்கும்.

மறுநாள் வேண்டுமென்றே உளறினார். என்ன ஆழமான பேச்சு, நமக்குத்தான் புரியவில்லை என்று அவை தலையாட்டியது. அடுத்த நாள் வாயே திறக்காமல் நின்றார். ஊசியால் வருந்தப்போகும் குழந்தைகளுக்காக மறுப்பாளர் மௌன அஞ்சலி செலுத்துகிறார் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். அடக் கொடுமையே! ஜெயிக்கத் தெரிந்தவனுக்கு அந்த நாட்டில் தோற்க வழியே இல்லை.

கடைசியில் அவர் உரக்கவே சொல்லிவிட்டார். “நான் சொன்னதெல்லாம் பொய். எனக்கு அப்படி ஒரு பாட்டனே இல்லை. வைத்தியர் சொல்வதுதான் உண்மை. முத்திரையை உடையுங்கள்.”

அவை திகைத்தது. கோமதிநாயகம் சட்டப் புத்தகத்தோடு எழுந்தார். “மறுப்பாளர் அந்தப் பக்கம் போய்விட்டதால் இந்தத் தட்டு காலியாகிறது. சமநிலை கெடாதிருக்க, வைத்தியர் இந்தப் பக்கம் வந்து ஊசியை எதிர்த்துப் பேச வேண்டும்.”

“எனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?” என்றார் அறம்வளர்த்தாள்.

“வைத்தியர் ஒத்துழைக்க மறுக்கிறார் என்று பதிவு செய்யப்படுகிறது. எதிர்ப்பக்கம் இல்லாத நிலையில் அவை பன்னிரண்டு நாள் ஒத்திவைக்கப்படுகிறது.” பேசாமல் இருக்கும் நாட்களில் தொண்டை அதிகமாக வறளும் என்று அவை உறுப்பினர்கள் முறையிட்டதால், மருந்தின் பங்குப் பனிக்கட்டியும் அவர்களுக்கே போனது. பன்னிரண்டு நாள் கழித்து முத்திரை முழுசாகத்தான் இருந்தது. உள்ளே மருந்து வெந்நீராகக் கிடந்தது. இனி எதற்கும் உதவாது.

அதற்குள் ஊர் விழுந்துவிட்டது. முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். படகுத்துறையில் துடுப்பு வலித்த ஆட்கள் நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் திணறினார்கள். நாட்டின் நீதிபதிக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தவர் தன் மனைவியைப் பார்த்து, யாரம்மா நீ, உன் வழக்கு என்ன என்று கேட்டார். தெருவில் வேப்பிலை கட்டாத வாசல் இல்லை.

தேர்தல் ஆறு மாதத்தில் வரவிருந்தது. அதிபர் அவசர ஆணை ஒன்றை வெளியிட்டார். தண்டோரா போட்டுச் சொன்னார்கள்: “தட்டம்மை குழந்தைகளின் நோய் என்பது நம் முன்னோர் வாக்கு. முன்னோர் பொய் சொல்ல மாட்டார்கள். ஆகவே பெரியவர்களுக்குத் தட்டம்மை வருவதில்லை. வந்தவர் எவராயினும் அவர் குழந்தை.”

ஒரே ஆணையில் பெரியவர்களின் நோய் ஒழிந்தது. நாட்டில் குழந்தைகளின் எண்ணிக்கைதான் கொஞ்சம் கூடியது. நோய் கண்ட படகுக்காரர்கள் குழந்தைகள் ஆனதால் துடுப்பைத் தொட அனுமதி இல்லை. நோய் கண்ட வைத்தியர்கள் குழந்தைகள் ஆனதால் மருந்தைத் தொட அனுமதி இல்லை. ஐம்பது வயதுப் படைத்தலைவர் அரசு கொடுத்த கிலுகிலுப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பால் வாங்கும் வரிசையில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் இருமல்.

பூவலிங்கத்துக்குக் காய்ச்சல் அடித்தது. வெயிலில் அலைந்த சூடு என்று நினைத்தார். கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது. நான்கு நாள் கழித்துத்தான் காதின் பின்னால் சிவப்புத் தடிப்பு தெரிந்தது. அந்த நான்கு நாளும் சொர்ணவல்லிதான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள், நெற்றிக்குப் பற்றுப் போட்டாள். தடிப்பைப் பார்த்ததும் பூவலிங்கம் அவளைத் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினார்.

“தடிப்பு தெரியிறதுக்கு நாலு நாள் முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிரும்யா” என்றார் அறம்வளர்த்தாள். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

பூவலிங்கத்துக்கு வலது காது போனது. உயிர் தப்பியது. அவர் குழந்தையாகப் பதிவு செய்யப்பட்டார், கிலுகிலுப்பையும் வந்தது. பத்து நாள் கழித்துச் சொர்ணவல்லிக்குக் காய்ச்சல் வந்தது. தடிப்பு முகத்திலிருந்து இறங்கி மார்பு, வயிறு என்று பரவியது. பிறகு அந்த இருமல். இருமும்போதெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துக் குழந்தை பிறந்தது. அழவில்லை. பெண் குழந்தை.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் மூச்சோடு போராடினாள். மூன்றாம் நாள் உச்சிவெயில் நேரத்தில் கண் திறந்து, “கொக்கி மாட்டிட்டீங்களா?” என்று கேட்டாள்.

குழந்தை போனது அவளுக்குத் தெரியாது. “மாட்டிட்டேன் சொர்ணம்” என்றார் பூவலிங்கம். சம்பளம் வாங்காமல் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். அவள் சரி என்பதுபோலத் தலையசைத்தாள். அறம்வளர்த்தாள் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தார், கொஞ்ச நேரத்தில் அதைக் கீழே வைத்தார்.

இறப்பைப் பதியப் பூவலிங்கம் பதிவு அலுவலகத்துக்குப் போனார். பதிவாளர் நல்ல மனிதர், வருத்தப்பட்டார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

“எதனால இறந்தாங்கன்னு எழுதறது?”

“மணல்வாரி.”

“அப்ப அவங்க குழந்தை. குழந்தைக்கு எப்படிக் குழந்தை பிறக்கும்? பெரியவங்கன்னா மணல்வாரி வராது. ரெண்டுல எது நீங்களே சொல்லுங்க.”

“சாவு ஒண்ணுதாங்க.”

“அது உங்க பக்கம்” என்றார் பதிவாளர். “இன்னொரு பக்கமும் கேக்கணும் இல்லையா?”

விஷயம் பேரவைக்குப் போனது. தலைப்பு: சொர்ணவல்லி இறந்தாரா? இறந்தார் என்று வைத்தியர் பேச வேண்டும். இறக்கவில்லை என்று அரசு மறுப்பாளர் பேச வேண்டும். மறுப்பாளர் இப்போது குழந்தை ஆயிற்றே என்று ஓர் உறுப்பினர் இழுத்தார். விழா நாட்களில் குழந்தைகள் அவையில் பாட்டுப் பாட அனுமதி உண்டு, அதே விதியில் பேசலாம் என்றார் கோமதிநாயகம்.

அறம்வளர்த்தாள் நான்கே வரி பேசினார். “சொர்ணவல்லி. வயசு இருபத்தொம்பது. மணல்வாரி வந்து, நுரையீரல் கெட்டு, என் கையைப் புடிச்சுக்கிட்டே உசுரை விட்டா. இதுக்கு ரெண்டு பக்கம் இல்லை.”

பூவலிங்கம் எழுந்தார். ஆமாம், இறந்துவிட்டாள், நான்தான் கொன்றேன், அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் கொன்றேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தார். இறந்துவிட்டாள் என்ற அந்த ஒரு சொல் வெளியே வர மறுத்தது.

“இல்லை” என்றார். “அவ சாகலை.”

பேரவைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது. வீட்டில் பேசுகிறபடியே பேசினார்.

“அவ எப்படிங்க சாவா? காய்ச்சல் வந்த அன்னிக்கு ஊறப்போட்ட உளுந்து அப்படியே இருக்கு. அவ அப்படிப் போட்டுட்டுப் போற ஆளே இல்லை. புள்ளைக்குச் சட்டை தச்சுக்கிட்டிருந்தா. ஒரு கைதான் முடிஞ்சிருக்கு, இன்னொரு கை ஊசியோட அப்படியே நிக்குது. விட்டத்துல கொக்கி மாட்டச் சொல்லியிருக்கா, நான் இன்னும் மாட்டலை. மாட்டாத வரைக்கும் என்னைத் திட்டணும் இல்ல? திட்டாம எப்படிப் போவா? எனக்கு ஒரு காது கேக்கலைங்க. அந்தப் பக்கமா வந்து கூப்பிடுறாளோ என்னமோ. நான்தான் திரும்பிப் பாக்கலையோ என்னமோ. அவ சாகலை. சொல்லுங்கய்யா, யாராவது சொல்லுங்க, அவ சாகலைன்னு.”

அவை விம்மியது. அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வாதங்களில் தன் சொல்லை நம்பாமலே வென்ற பூவலிங்கம், அன்று நம்பிக்கொள்ளத் துடித்துத் துடித்துப் பேசினார். பதில் சொல்ல அறம்வளர்த்தாளை அழைத்தார்கள். அவர் பூவலிங்கத்தைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வைத்தியரிடம் மறுமொழி இல்லாததால் சொர்ணவல்லி உயிரோடு இருக்கிறார் என்று பேரவை ஒருமனதாக முடிவு செய்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, அந்தக் கோடையில் போன மற்ற பெரியவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதாக மறுநாளே ஆணை வந்தது. அதிபர் ஆட்சியில் தட்டம்மையால் ஒரு பெரியவர்கூட இறக்கவில்லை என்று ஊர்ச் சுவர்களில் எழுதினார்கள்.

பூவலிங்கம் வீட்டுக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, விட்டத்தில் கொக்கியை மாட்டினார். அதற்குப் பிறகு அவர் அவைக்குப் போகவில்லை. வேறொரு மறுப்பாளரை வைத்துக்கொண்டார்கள். காலிப் பதவிக்கு அந்த நாட்டில் ஆள் பஞ்சமே கிடையாது.

தேர்தல் நாள் வந்தது. மனசில் எங்கேயோ ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அதிபருக்கு எதிராக ஒரு ஓட்டாவது போட வேண்டும் என்று. பூவலிங்கம் மதியத்துக்கு மேல் வாக்குச்சாவடிக்குப் போய் வரிசையில் நின்றார். நரைத்த தலையும் மூன்று நாள் தாடியுமாக நின்ற அவரை அலுவலர் பட்டியலில் தேடினார்.

“உன் பேரு குழந்தைகள் பட்டியல்ல இருக்கு தம்பி. குழந்தைகளுக்கு ஓட்டு கிடையாது.”

“சரிங்க” என்றார் பூவலிங்கம். திரும்பப் போனவரை அலுவலர் கூப்பிட்டார், பாவம் பார்த்துத்தான்.

“வருத்தப்படாத. உங்க வீட்டு ஓட்டு விழுந்துருச்சு. சொர்ணவல்லிதானே? காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. இதோ பாரு, கைநாட்டு.”

பூவலிங்கம் அந்த மசிக் கறையைப் பார்த்தார். யாருடைய விரல் என்று அவர் கேட்கவில்லை. நல்ல காதை அலுவலர் பக்கம் திருப்பிக்கொண்டு, மேசை மேல் குனிந்தார்.

“பாக்க எப்படி இருந்தா?”

அலுவலர் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அன்று காலையிலிருந்து அவருக்கு நல்ல வேலை.

“நல்லா இருந்தாங்க” என்றார். “கைக்குழந்தையோட வந்தாங்க. வரிசையில நிக்க வேண்டாம்னு முன்னாடியே விட்டுட்டோம்.”